திருநட்சத்திர விழா (காஞ்சிபுரம்)

திருநட்சத்திர விழா என்பது ஆழ்வார்கள், வைணவ ஆசாரியர்கள் ஆகியோரின் பிறந்தநாளை அவர்கள் பிறந்த மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தை ஒட்டிக் கோயில்களில் கொண்டாடும் விழா ஆகும். இது திருஅவதார உற்சவம் என்றும் அழைக்கப்படுகிறது. சிறிய கோயில்களில் ஒரே நாளில் நிறைவுறும் இவ்விழா, ஆசாரியர் பிறந்த ஊரில் பெரும்பாலும் பத்து நாட்கள் நீடிக்கும். தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் நகரும் அதன் சுற்றுப்புறமும் இத்தகைய பிறந்தநாள்கள் பலவற்றைக் கொண்டவை. பொய்கையாழ்வார் திருவெஃகாவிலும், வேதாந்த தேசிகர் தூப்புலிலும், இராமானுசர் திருப்பெரும்புதூரிலும் பிறந்தனர். முதல் இரண்டு இடங்களும் காஞ்சிபுரம் நகருக்கு உள்ளேயே உள்ளன.

நாள் கணிப்பு

திருநட்சத்திரம் தேதியைக் கொண்டு கணிக்கப்படுவதில்லை. சூரியன் இருக்கும் இராசியைக் கொண்டு மாதமும், சந்திரன் இருக்கும் இடத்தைக் கொண்டு நட்சத்திரமும் கொள்ளப்படுகின்றன. சந்திரன் 27 நட்சத்திரங்களையும் கடந்துவர ஏறத்தாழ 27.3 நாட்கள் ஆகும். எனவே ஒரு நட்சத்திரத்தின் காலம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்றே கூடுதல். தமிழ் மாதம் 29 முதல் 32 நாட்கள் வரை கொண்டதால், மாதத்தின் தொடக்கத்தில் வரும் நட்சத்திரம் அதே மாத இறுதியில் மீண்டும் வருவதும் உண்டு. அவ்வாறு இரண்டு வரும்போது எதைக் கொள்வது என்பதைப் பஞ்சாங்கம் கணிப்போர் முடிவு செய்வர். இக்காரணங்களால் ஒருவருடைய திருநட்சத்திரம் ஆங்கில நாட்காட்டியில் ஆண்டுதோறும் வெவ்வேறு தேதிகளில் அமைகிறது.

இன்றும் தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் இவ்விரு கணக்குகளும் அருகருகே வழக்கில் உள்ளன. நட்சத்திர நாளில் கோயிலில் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அருச்சனை செய்யப்படும். ஆங்கிலத் தேதியில் நண்பர்களும் உறவினரும் கூடுவர். ஒரே பிறந்தநாள் இரண்டு நாட்களாகப் பிரிவது இவ்வீடுகளில் புதுமை அன்று.

பத்து நாட்களின் அமைப்பு

திருநட்சத்திரம் பத்தாம் நாளாக அமையும்படி ஒன்பது நாட்களுக்கு முன்னர் விழா தொடங்கும். பெருமாளுக்கு நடைபெறும் பிரம்மோற்சவத்தின் சாயல் இதில் தெளிவாகத் தெரியும். காலையும் மாலையும் ஆசாரியரின் உற்சவத் திருமேனி வீதிகளில் புறப்பாடு கண்டருளும். இடையில் திருமஞ்சனம் நடைபெறும். புதிய பட்டும் மாலைகளும் சாற்றப்படும்.

எனினும் இவ்விழாவின் உயிர்நாடி ஊர்வலம் அன்று, ஓதுதலே ஆகும். புறப்பாட்டின் முன்னே அத்யாபகர்கள் வரிசையாக நின்று நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தை ஓதிச் செல்வர். இக்குழு கோஷ்டி எனப்படும். நம்மாழ்வாரின் திருவாய்மொழி மட்டும் 1,102 பாசுரங்களைக் கொண்டது. இத்தகைய நூல்களை அவசரமின்றி முறைப்படி ஓதி முடிக்க ஒரு நாள் போதாது என்பது எளிதில் விளங்கும். ஓதுதலின் நிறைவுப் பகுதிக்குச் சாற்றுமுறை என்று பெயர். பத்தாம் நாளையே 'சாற்றுமுறை' என்று குறிப்பிடும் வழக்கமும் இதனால் ஏற்பட்டது. இறுதியில் அந்த ஆசாரியருக்குரிய வாழித்திருநாமம் பாடப்படும். அவர் பிறந்த மாதம், நட்சத்திரம், இயற்றிய நூல்கள் முதலியவற்றைச் சொல்லி அவரை வாழ்த்தும் பாடல் இது. பல நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவரை 'வாழி' என்று வாழ்த்துவதில் இம்மரபினர் முரண் எதையும் காண்பதில்லை. கோயிலில் எழுந்தருளியிருக்கும் திருமேனியை அவர்கள் நினைவுச்சிலையாகக் கருதாமல், அவராகவே கருதுகின்றனர்.

ஓதியவர்களுக்கும் வந்தவர்களுக்கும் உணவளித்தல் விழாவின் பிரிக்க முடியாத பகுதியாகும். அடியார்களுக்கு அளிக்கும் இவ்விருந்து ததீயாராதனம் எனப்படும்.

தூப்புல்: வேதாந்த தேசிகர்

வேதாந்த தேசிகர் கிபி 1268-இல் புரட்டாசி மாதம் திருவோண நட்சத்திரத்தில் தூப்புலில் பிறந்தார். தந்தையார் அனந்தசூரி, தாயார் தோதாரம்பை. தாய்மாமனும் ஆசிரியருமான கிடாம்பி அப்புள்ளார், ஐந்து வயதுச் சிறுவனாக இருந்த இவரை வரதராசப் பெருமாள் கோயிலில் நடாதூர் அம்மாள் நிகழ்த்திய விரிவுரைக்கு அழைத்துச் சென்றார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். சிறுவனைக் கண்ட மகிழ்ச்சியில் விரிவுரை தடைப்பட்டது. எந்த இடத்தில் நின்றது என்பது பெரியவர்களுக்கு நினைவில்லாமல் போக, சிறுவனே அதை எடுத்துச் சொன்னதாக வரலாறு.

திருமலையின் மணி தேசிகராகப் பிறந்தது என்பது வடகலை மரபினரின் நம்பிக்கை. புரட்டாசித் திருவோணம் திருவேங்கடமுடையானுக்கு உரிய நாளாகவும் கருதப்படுகிறது. திருமலைப் பிரம்மோற்சவத்தின் நிறைவும் அந்நாளை ஒட்டியே அமைவதால், மலையில் பெருமாளுக்கும் காஞ்சியில் தேசிகருக்கும் பெரும்பாலும் ஒரே நாட்களில் விழா நடைபெறுகிறது.

தூப்புலில் விளக்கொளிப் பெருமாள் கோயில் உள்ளது. தேசிகர் இப்பெருமாள் மீது சரணாகதி தீபிகை என்னும் நூலை இயற்றினார். வரதராசப் பெருமாள் மீது வடமொழியில் வரதராச பஞ்சாசத்தும், தமிழில் அடைக்கலப்பத்து, மெய்விரத மான்மியம் முதலியனவும் இயற்றினார். பத்தாம் நாளன்று தேசிகர் தூப்புலிலிருந்து புறப்பட்டு வரதராசப் பெருமாள் கோயிலுக்கு எழுந்தருளி மங்களாசாசனம் செய்வது இவ்விழாவின் சிகரமாகும். பிறந்தநாள் காண்பவரைத் தேடிப் பிறர் வருவது உலக வழக்கு. இங்கோ பிறந்தநாள் காண்பவர் தாம் பாடிய பெருமாளைத் தேடிச் செல்கிறார். அவருக்குக் கோயிலில் மாலை, பரிவட்டம், சடாரி ஆகிய மரியாதைகள் அளிக்கப்படும்.

தேசிகர் பிற்காலத்தில் திருவகிந்திபுரத்திலும் திருவரங்கத்திலும் வாழ்ந்தார். மாலிக் கபூரின் படையெடுப்பும் அடுத்து வந்த சூறையாடல்களும் நிகழ்ந்த காலம் அவருடையது. தம் நூற்றியொன்றாம் வயதில், 1369-இல் திருவரங்கத்தில் மறைந்தார். அவருடைய 750-ஆவது ஆண்டையொட்டி இந்திய அஞ்சல் துறை 2019-இல் அஞ்சல் தலை வெளியிட்டது.

அடுத்தடுத்த மூன்று நாட்கள்: முதலாழ்வார்கள்

பொய்கையாழ்வார் ஐப்பசித் திருவோணத்தில் காஞ்சிபுரம் திருவெஃகாவில் ஒரு பொய்கைத் தாமரையில் தோன்றினார் என்பது மரபு. மாமல்லபுரத்தில் பூதத்தாழ்வார் ஐப்பசி அவிட்டத்திலும், மயிலாப்பூரில் பேயாழ்வார் ஐப்பசிச் சதயத்திலும் தோன்றினர். திருவோணம், அவிட்டம், சதயம் ஆகியவை நட்சத்திர வரிசையில் அடுத்தடுத்து வருபவை. எனவே மூன்று நண்பர்களின் பிறந்தநாள்களும் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நாட்கள் தொடர்ந்து வருகின்றன.

இவர்களுடைய நட்பு பிறந்தநாளில் தொடங்கியது அன்று. மூவரும் ஒருவரையொருவர் அறியாமலே திருக்கோவலூரில் ஒரு மழை இரவில் ஒரே இடைகழியில் ஒதுங்கினர். முதலில் வந்த பொய்கையாழ்வார் படுத்திருந்தார். இரண்டாமவர் வந்தபோது இருவரும் உட்கார்ந்தனர். மூன்றாமவர் வந்ததும் மூவரும் நின்றனர். பின்னர் நான்காவதாக ஒருவர் தங்களை நெருக்குவதை உணர்ந்தனர் என்றும், அவர் பெருமாளே என்றும் வரலாறு கூறும். அவ்விரவில் மூவரும் பாடியவை முதல், இரண்டாம், மூன்றாம் திருவந்தாதிகள் ஆகும். ஒவ்வொன்றும் நூறு வெண்பாக்களைக் கொண்டது. பிறந்த ஊர்கள் வெவ்வேறாயினும் மூவரின் நூல்களும் சேர்ந்தே ஓதப்படுவதால், இம்மூன்று நாட்களையும் ஒரே விழாவாகவே காண்பது பொருந்தும்.

ஐப்பசிச் சதயம் சோழ மன்னன் முதலாம் இராசராசனின் பிறந்தநாளும் ஆகும். தஞ்சாவூரில் அது சதய விழாவாகக் கொண்டாடப்படுகிறது. ஐப்பசித் திருவோணம் பிள்ளை உலகாசிரியருக்கும் உரியது. அவரைக் காஞ்சி வரதரின் அவதாரமாகக் கொள்வர்.

ஓதும் உரிமையும் பிணக்குகளும்

காஞ்சிபுரத்தில் பிறந்தநாள் விழாக்கள் எப்போதும் அமைதியாக நடைபெற்றன என்று கூற இயலாது. தேசிகரை முதன்மையாகப் போற்றும் வடகலையாரும், ஐப்பசி மூலத்தில் பிறந்த மணவாள மாமுனிகளை முதன்மையாகப் போற்றும் தென்கலையாரும் இந்நகரில் அருகருகே வாழ்கின்றனர். பிரபந்தம் ஓதத் தொடங்குமுன் ஆசாரியரை வணங்கிச் சொல்லும் தனியன் இரு கலையாருக்கும் வேறு. தென்கலையாரின் தனியன் 'ஸ்ரீசைலேச தயாபாத்ரம்' என்றும், வடகலையாரின் தனியன் 'இராமானுச தயாபாத்ரம்' என்றும் தொடங்கும்.

வரதராசப் பெருமாள் கோயிலில் எந்தத் தனியனைச் சொல்லித் தொடங்குவது, கோஷ்டியில் யார் ஓதுவது என்பன ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலிருந்தே வழக்குகளாயின. தென்கலையாரின் அத்யாபக மிராசு உரிமையை நீதிமன்றத் தீர்ப்புகள் ஏற்றுள்ளன. ஆயினும் பிணக்கு ஓயவில்லை. 2022-ஆம் ஆண்டிலும் இது சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. வெளியூரார்க்கு இது சில சொற்களைப் பற்றிய சண்டையாகத் தோன்றக்கூடும். ஆனால் தன் ஆசாரியரின் பெயரைப் பெருமாளின் முன் உரக்கச் சொல்லும் உரிமை இரு தரப்பாருக்கும் பரம்பரையின் மானமாக உள்ளது.

பெருமாள் ஒருவரே, நாலாயிரமும் ஒன்றே, இராமானுசரும் இருவருக்கும் பொதுவானவரே என்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது.

திருப்பெரும்புதூர்: இராமானுசர்

இராமானுசர் கிபி 1017-இல் சித்திரைத் திருவாதிரையில் காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூரில் பிறந்தார். இளமையில் காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்புட்குழியில் யாதவப் பிரகாசரிடம் பயின்றார். பின்னர் திருக்கச்சி நம்பியின் அறிவுரைப்படி சாலைக் கிணற்றிலிருந்து வரதராசப் பெருமாளுக்கு நாள்தோறும் தீர்த்தம் சுமந்தார். திருப்பெரும்புதூரில் உள்ள அவருடைய உற்சவத் திருமேனி 'தானுகந்த திருமேனி' எனப்படும். அவரே கண்டு மகிழ்ந்தது என்பது இதன் பொருள். இங்கும் விழா பத்து நாட்கள் நடைபெறும். திருவரங்கத்தமுதனார் இயற்றிய 108 பாடல்களைக் கொண்ட இராமானுச நூற்றந்தாதிக்கு இந்நாட்களில் தனிச் சிறப்பு உண்டு.

2017-ஆம் ஆண்டு அவருடைய ஆயிரமாவது ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அவ்வாண்டு மே 1 அன்று அஞ்சல் தலை வெளியிடப்பட்டது. 2020-இல் சித்திரைத் திருவாதிரை கொரோனா ஊரடங்கின் நடுவே வந்தது. அப்போது தமிழ்நாட்டின் கோயில்கள் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தன. ஐதராபாத் அருகே 216 அடி உயரச் சிலையின் திறப்பையொட்டி 2022 பிப்ரவரியில் பல நாட்கள் நடைபெற்ற ஆயிரமாண்டு விழா திருநட்சத்திரத்தை ஒட்டி அமைந்தது அன்று.

நகரின் பிற பிறந்தநாள்கள்

காஞ்சி காமகோடி மடத்தின் 68-ஆவது பீடாதிபதியாகிய சந்திரசேகரேந்திர சரசுவதி 1894-இல் வைகாசி அனுசத்தில் பிறந்தவர். அவரைப் போற்றுவோர் வைகாசியில் மட்டுமன்றி ஒவ்வொரு மாத அனுசத்தையும் கொண்டாடுகின்றனர்.

ஆங்கிலத் தேதியைக் கொண்டு காஞ்சிபுரம் கொண்டாடும் பெரிய பிறந்தநாள் முன்னாள் முதலமைச்சர் சி. என். அண்ணாதுரையுடையது. அவர் நெசவாளர் நகராகிய இங்கு 1909 செப்டம்பர் 15 அன்று பிறந்தார். இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 17 ஈ. வெ. இராமசாமியின் பிறந்தநாள். 1949-இல் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்டதும் அதே செப்டம்பர் 17 அன்றே. இம்மூன்றையும் இணைத்து அக்கட்சி முப்பெரும் விழாவாகக் கொண்டாடுகிறது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் அண்ணாதுரையின் பிறந்தநாளும் தேசிகரின் விழாவும் ஒரே வாரத்தில் நெருங்கி வருவதுண்டு.