கொட்டகையிலிருந்து கலைக்களஞ்சியத்திற்கு

இராசிபுரத்தை அடுத்த எங்கள் சிற்றூரில், மரவள்ளி பிடுங்கிய வயலொன்றில் கூடாரக் கொட்டகை வந்து இறங்கும். தரை டிக்கெட்டு வாங்கி, மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து படம் பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். பாட்டுப் பிடித்துவிட்டால் ‘ஒன்ஸ்மோர்’ என்று கூவுவோம். படம் ஓட்டுபவர் மனமிரங்கினால் பாட்டு மீண்டும் வரும், இல்லையேல் இல்லை. பார்ப்பவனுக்கு இருந்த உரிமை அவ்வளவே.

அப்படங்களுட் சில எங்கள் மாவட்டத்திலேயே பிறந்தவை. டி. ஆர். சுந்தரம் அவர்கள் 1930களில் சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. மதிலுக்குள் நடப்பதை நாங்கள் அறியோம். வாயிலில் நின்று உள்ளே செல்லும் கார்களை எண்ணுவோம். இன்று எஞ்சி நிற்பது அந்த நுழைவாயில் வளைவுதான்.

2003ஆம் ஆண்டில் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்னும் கலைக்களஞ்சியம் அது. இலங்கைத் தமிழராகிய இ. மயூரநாதன் அவர்கள் தொடக்க நாளிலிருந்து ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். கூலி பெறாத கைகளாலேயே 2017 மே மாதத்தில் கட்டுரைகளின் தொகை ஓர் இலட்சத்தைக் கடந்தது.

நானும் துணிந்து புகுந்தேன். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1955இல் வெளிவந்தது என்று எழுதினேன். என் தந்தையார் சொன்ன ஆண்டு அது. ஒரு மணி நேரத்தில் யாரோ ஒருவர் அதனை 1956 என்று மாற்றிவிட்டார். எனக்குச் சினம் மூண்டது. “நான் சேலத்துக்காரன், நீர் யார்?” என்று உரையாடற் பக்கத்தில் கேட்டேன். “சான்று உண்டா, ஐயா?” என்பதே மறுமொழி. நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினேன். படத்தின் விளம்பரம் 1956ஆம் ஆண்டுத் தாளில்தான் இருந்தது. என் பிழையும் அவர் திருத்தமும் அப்பக்கத்தின் வரலாற்றில் இன்னும் அழியாமல் இருக்கின்றன. அச்சுநூலில் இவ்வசதி ஏது?

எல்லோரும் எழுதுகிறார்கள் என்று எண்ணிவிட வேண்டா. கைப்பேசியை விரலால் தள்ளிக்கொண்டே பார்த்திருப்பவர்கள்தாம் மிகப் பலர். மணற்குவியல் மாறியிருக்கிறது, அவ்வளவே. ஆயினும் திருத்தும் உரிமை இன்று அவர்கள் கையிலும் இருக்கிறது.

எங்கள் ஊர்க் கூடாரக் கொட்டகையைப் பற்றி எழுத முயன்றேன்; சான்று கிட்டவில்லை. புகைப்படம் ஒன்றுகூட எவரிடமும் இல்லை. உங்கள் பாட்டனாரின் தகரப் பெட்டியில் பழைய தரை டிக்கெட்டு ஏதேனும் கிடந்தால், தயைகூர்ந்து எறிந்துவிடாதீர்கள்.