சுங்குவார்சத்திரத்துப் பிள்ளையின் 15 இலக்க ஜாதகம்

கோயில் யானை ஒன்று நாலு டன் என்று வைத்துக்கொண்டால், 2025 மார்ச் தொடங்கி ஏப்ரல் முதல் வாரம் வரை மீனம்பாக்கத்திலிருந்து 150 யானைகள் அமெரிக்காவுக்குப் பறந்திருக்கின்றன. பறந்தது யானையில்லை, ஐபோன். 600 டன், 15 லட்சம் போன் வரை, 100 டன் தாங்கும் சரக்கு விமானம் ஆறு என்று ஏப்ரல் 10-ம் தேதி ராய்ட்டர்ஸ் எழுதியது. எனக்கு அதில் பிடித்ததே கணக்குப் போட்ட விதம்தான். ஓர் ஐபோன் 14-ஐக் கேபிளோடும் பெட்டியோடும் தராசில் வைத்திருக்கிறார்கள். சுமார் 350 கிராம். வெளி அட்டைப்பெட்டிகளுக்குக் கொஞ்சம் தள்ளிவிட்டு, மிச்சத்தை வகுத்திருக்கிறார்கள். மளிகைக் கடையில் வெல்லம் நிறுக்கிற அதே வித்தை.

அந்த 15 லட்சத்தில் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டு போவோம்.

பிறந்த இடம் பெரும்பாலும் சுங்குவார்சத்திரமாக இருக்கும். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி வருகிற ஊர். சத்திரம் என்றால் வழிப்போக்கர் ஓரிரவு தலைசாய்த்துவிட்டுப் போகிற இடம். இந்தப் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான ஊர்ப் பெயர் கிடைக்காது. பிறப்பதற்கு முன்பே சீர்வரிசை வந்து இறங்கிவிடும்: தைவானிலிருந்து சிப், கொரியாவிலிருந்து திரை, ஜப்பான் சோனியின் கேமரா சென்சார், சீனாவிலிருந்து இன்னும் என்னென்னவோ. இங்கே இருக்கிற ஃபாக்ஸ்கான் ஆலையில் எல்லாம் ஓருடலாகும். 2022 செப்டம்பர் 7-ம் தேதி ஐபோன் 14 அறிமுகமானது. அந்த மாதம் முடிவதற்குள்ளேயே அதை இங்கே செய்கிறோம் என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. அதற்கு முன்பெல்லாம் புது மாடல் பழசான பிறகுதான் நம்மூர் லைனுக்கு வரும்.

கையில் ஐபோன் இருந்தால் கீழ்விளிம்பைப் பாருங்கள். சார்ஜர் சொருகும் துளைக்கு இருபுறமும் கடுகளவில் ஒவ்வொரு ஸ்க்ரூ. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அதன் தலையில் ஐந்து இதழ்ப் பூ தெரியும். வீட்டிலிருக்கும் நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் அதில் உட்காராது. வாங்கியவரே திறந்து பார்த்துவிடக் கூடாது என்று வைத்த பூட்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்த மாதிரி லைன்களில் நிற்பவர்கள் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பெண்கள். மணிக்கட்டில் ஒரு பட்டை, பட்டையிலிருந்து ஒரு ஒயர். நம் உடம்பில் சேர்கிற நிலைமின்சாரம் பொசுக்கென்று சிப்பில் பாய்ந்துவிடாமல் தரைக்கு இறக்கிவிடுவதற்காக. நைலான் புடவையைக் கழற்றும்போது சடசடக்குமே, அதில் பாதிகூட வேண்டாம், சிப்பின் ஆயுள் முடிந்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் பல எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் சொந்த போனை லாக்கரில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக முடியும். ஷிஃப்ட் முழுக்க போன் செய்கிறவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்க முடியாது. ஒருநாள் சாயங்காலம் நெடுஞ்சாலையோர டீக்கடையில், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண்ணிடம், “இப்போ எந்த மாடலும்மா ஓடுது?” என்று கேட்டேன். பேச்சில் திருநெல்வேலி தெரிந்தது.

“அதெல்லாம் சொல்லக் கூடாதுண்ணே.”

“டப்பா மேலயே போட்டிருப்பாங்களே?”

“அப்போ டப்பாவையே பாத்துக்கோங்க” என்று சிரித்துவிட்டு பஸ் ஏறிவிட்டது.

18 நடை நடந்து வாங்கிய ரகசிய மந்திரத்தை, திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி நின்று ஊருக்கெல்லாம் சொன்னவர் ராமானுஜர். அவர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரின் பேட்டையில்தான் இந்த ‘சொல்லக் கூடாது’. அவர் இன்றைக்கு ஏதாவது ஒரு லைனில் சேர்ந்திருந்தால் முதல் மாதமே மெமோ வாங்கியிருப்பார்.

பிறந்த பிள்ளைக்கு ஜாதகம் எழுத வேண்டும். ஐஎம்இஐ என்கிற 15 இலக்கம். ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் என்று தட்டினால் உங்கள் போனும் தன்னுடையதை ஒப்பிக்கும். முதல் 8 இலக்கம் குலம் கோத்திரம், அதாவது மாடல். அடுத்த 6 வரிசை எண். கடைசி ஒன்று காவல்காரன்: முன்னால் இருக்கும் எண்களில் ஒன்றைத் தப்பாக எழுதினால் இது கணக்கில் உதைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1950-களில் கண்டுபிடித்த வழி. உங்கள் கிரெடிட் கார்டு எண்ணின் கடைசி இலக்கமும் இதே வேலையைத்தான் பார்க்கிறது. நோக்கியா காலத்தில் ஒரு எஸ்எம்எஸ் சுற்றிக்கொண்டிருந்தது, ஞாபகமிருக்கிறதா? ஏழாவது, எட்டாவது இலக்கம் 13 என்றால் போன் அஜர்பைஜானில் செய்தது, உடம்புக்கே கேடு. 00 என்றால் அசல் சரக்கு. நானும் பேட்டரியைக் கழற்றி எண்ணிப் பார்த்தவன்தான். அந்த இரண்டு இலக்கம் ஒரு காலத்தில் எந்த ஆலையில் கோத்தது என்பதைக் குறித்தது உண்மை. அந்த வழக்கத்தை 2004 வாக்கில் கைவிட்டுவிட்டார்கள். அஜர்பைஜான் மட்டும் பல வருஷம் பாவம் சுமந்தது. ஆக இப்போது பிறந்த ஊரைப் பற்றி ஜாதகத்தில் ஒரு சொல் கிடையாது. பெட்டியின் முதுகில் பொடி எழுத்தில் ‘அசெம்பிள்ட் இன் இந்தியா’ என்று இருப்பதோடு சரி. சுங்குவார்சத்திரம் என்று அச்சடிக்க அந்தப் பெட்டியில் இடம் போதாது என்று சமாதானம் செய்துகொள்ளலாம்.

பிள்ளை சத்திரத்தைவிட்டுப் போய்விடும்; பெற்றவர்கள் இங்கேயே தங்க வேண்டும். தங்கும் கதை சுலபமானதாக இருக்கவில்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஃபாக்ஸ்கான் பெண்கள் பலர் ஆஸ்பத்திரிக்குப் போக, தோழிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மூடிய ஆலை ஜனவரியில்தான் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை முதலமைச்சர் ஸ்டாலின் திறந்துவைத்தார். சிப்காட் கட்டியது, 706.50 கோடி ரூபாய். நம் ஊர்களில் பல பேரூராட்சிகளின் ஜனத்தொகையே அவ்வளவு இருக்காது.

போனைப் பிடித்துக்கொண்டு மீனம்பாக்கம் போவோம். சுங்கச் சோதனைக்கு 30 மணி நேரம் ஆகுமாம். அதை 6 மணி நேரமாக்கி ‘கிரீன் காரிடார்’ போட்டுக் கொடுத்தார்கள். சென்னைக்காரர்களுக்கு இந்தச் சொல் பழக்கமானது. மாற்று அறுவைக்காக இதயம் ஏற்றிய ஆம்புலன்ஸ் வரும்போது சிக்னல்களை எல்லாம் பச்சையாக்கி வழிவிடுவதை இங்கே அப்படித்தான் சொல்வோம். இதயத்துக்குக் கிடைத்த மரியாதை இப்போது போனுக்கு.

இவ்வளவு அவசரம் வரிக்குப் பயந்து. ஏப்ரல் 2-ம் தேதி டிரம்ப் இந்தியச் சரக்குக்கு 26 சதவீதம் என்றார். சீனாவுக்கு 34-இல் தொடங்கிய புது வரி ஒரே வாரத்தில் 125-ஐத் தொட்டது. அதற்குள் கரையேற வேண்டுமென்று பறந்தன போன்கள். 9-ம் தேதி, சீனா தவிர மற்றவர்களுக்கு 90 நாள் தவணை வந்தது. 11-ம் தேதி, அதாவது 600 டன் செய்தி வெளியான மறுநாள், ஸ்மார்ட்போனுக்கு இந்தப் புது வரியே கிடையாது என்று ஓர் உத்தரவு. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் முண்டியடித்து இடம் பிடித்தவன், பத்து பந்திக்கும் சோறு இருக்கிறது என்று கேட்டவுடன் ஒரு முழி முழிப்பானே!

பிள்ளை அமெரிக்காவில் இறங்கியாயிற்று. பெட்டியைத் திறந்தால் போன் உண்டு, கேபிள் உண்டு, சார்ஜர் கிடையாது. இதற்கும் நம் பேட்டைக்கும் ஒரு உறவு இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் ஓடத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ம் தேதி நின்றது. நோக்கியாவின் போன் வியாபாரத்தை வாங்கிய மைக்ரோசாஃப்ட், வரி வழக்கில் சிக்கிய இந்த ஆலையை மட்டும் வில்லங்கச் சொத்து மாதிரி விட்டுவிட்டுப் போய்விட்டது. ஐந்து வருஷம் பூட்டு. 2019 நவம்பரில், அதே பின்லாந்தில் பிறந்த சால்காம்ப் அந்த இடத்தை எடுத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. சால்காம்ப் செய்வது சார்ஜர். ஆப்பிளும் அதன் வாடிக்கையாளர். ஒரு வருஷம் முடியவில்லை, 2020 அக்டோபரில் ஐபோன் 12-ஐ அறிமுகப்படுத்திய ஆப்பிள், சுற்றுச்சூழல் நலனுக்காகப் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டோம் என்றது.

அதனால் போன் ஒரு பெட்டியில் போகிறது, சார்ஜர் வேறொரு பெட்டியில் வேறொரு நாள் போகிறது. சில கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே பேட்டையில் பிறந்திருந்தாலும், தனியாகக் காசு கொடுத்து யாராவது வாங்கி வந்தால்தான், டெக்ஸாஸிலோ ஒஹையோவிலோ ஒரு கட்டிலோரச் சுவரில் இரண்டும் முதல்முறையாகச் சந்திக்கும்.