கழுத்துக் கருமை

பிடரியிலும் கழுத்தின் பக்கங்களிலும் தோல் கறுத்துத் தடித்து, தொட்டால் வெல்வெட்டுத் துணிபோல் தோன்றும் நிலை. மருத்துவத்தில் அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் எனப்படும் இதைத் தோல் மருத்துவர்களான சிக்மண்ட் பொலிட்சரும் வீட்டெஸ்லாவ் யானோவ்ஸ்கியும் 1890இல் விவரித்தனர். அக்குள், தொடையிடுக்கு, விரல் கணுக்கள் ஆகிய இடங்களிலும் தென்படும். அருகே சிறு பாலுண்ணிகள் முளைப்பதும் உண்டு.

இது அழுக்கு அல்ல. குளிக்கவில்லை என்று பிள்ளைகளைத் திட்டுவதும், பீர்க்கங்கூட்டால் தேய்ப்பதும் நியாயமற்றவை. தேய்க்கத் தேய்க்கத் தோல் புண்ணாகுமே தவிர நிறம் மாறாது. பெரும்பாலோரிடம் இதன் வேர் இன்சுலின் எதிர்ப்பு. உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்காதபோது கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. இரத்தத்தில் மிகுந்த இன்சுலின், தோல் செல்களில் உள்ள வளர்ச்சிக் காரணி ஏற்பிகளைத் தூண்ட, மேல்தோல் பெருகி மடிப்பு மடிப்பாகிறது. கருமைக்கு முதன்மைக் காரணம் இந்தத் தடிப்புதான். நிறமி கூடுவது சொற்பமே.

சர்க்கரை நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இக்கருமை தெரியலாம் என்பதே இதன் பெருமதிப்பு. உடல் பருமன், சினைப்பை நீர்க்கட்டி நோய், தைராய்டு குறைபாடு ஆகியவற்றோடும் இது வரும். ஸ்டீராய்டு, நியாசின் போன்ற மருந்துகளாலும் உண்டாகலாம்.

பார்த்தாலே பெரும்பாலும் கண்டறிந்துவிடலாம். தோல் துணுக்குப் பரிசோதனை அரிதாகவே வேண்டும். எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், கொழுப்பு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை; 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். மாதவிடாய் தவறும் பெண்களுக்கு ஹார்மோன் சோதனையும் தேவை.

ஒரு வகை மட்டும் அவசரமானது. நடுவயதைக் கடந்தவருக்குத் திடீரெனத் தோன்றி வேகமாகப் பரவி, வாய்க்குள்ளும் உள்ளங்கையிலும் தடிப்பு ஏற்பட்டு, எடையும் குறைந்தால் உட்புற்று, குறிப்பாக இரைப்பைப் புற்று, உள்ளதா என்று உடனே தேட வேண்டும்.

சிகிச்சையில் முதலிடம் எடைக் குறைப்புக்கும் உடற்பயிற்சிக்கும். தேவைப்பட்டால் மருத்துவர் மெட்ஃபார்மின் தருவார். ரெட்டினாய்டு, யூரியா களிம்புகள் தோலை ஓரளவு மென்மையாக்கும். கடைகளில் தாமாக வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகுக் களிம்புகளைத் தவிர்க்க வேண்டும். அவை தோலை மெலியச் செய்து கெடுக்கும். இன்சுலின் அளவு இறங்காதவரை எந்தப் பூச்சுக்கும் கருமை நிலையாக மறைவதில்லை.