முழுச் சுற்றுகளைக் கழித்த கணக்கு

நாமக்கல் மலையின் குடைவரைக் கோயிலில் எழுந்தருளியிருக்கும் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்டாடிய குடும்பத்தில், 1887 டிசம்பர் 22-ல், காவிரிக்கு அக்கரையிலுள்ள ஈரோட்டில் ஸ்ரீனிவாச ராமானுஜன் பிறந்தார் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், சித்திரை முதல் நாளில் காவிரிச் சமவெளியின் கோயில் மண்டபங்களில் வாசிக்கப்படும் பஞ்சாங்கத்துக்கும் அவருடைய கணிதத்துக்கும் பொதுவான பிரச்னை ஒன்று உண்டு என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் பூரிக்கிறது.

அந்தப் பிரச்னை இதுதான்: ஒரு கோணத்தின் ஜ்யாவை, அதாவது இன்று நாம் சைன் என்பதை, கணிக்கப் புகுபவன் முதலில் அக்கோணத்திலிருந்து முழுச் சுற்றுகளையெல்லாம் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டுமே கையில் எடுக்க வேண்டும். சுற்றின் அளவில் அணுவளவு பிசகு இருந்தாலும், சுற்றுகள் பெருகப் பெருக அதுவும் பெருகி விடையையே விழுங்கிவிடும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தமிழ்நாட்டில் எழுந்த வாக்கியகரணம் என்னும் பஞ்சாங்கக் கணித நூல் இதற்குக் கண்ட உபாயம் அதிசூக்ஷ்மமானது. சந்திரனின் நிலையை அறிய, கலியுகம் பிறந்தது முதல் கழிந்த நாட்களின் தொகையிலிருந்து 1600984, 12372, 3031, 248 என்னும் எண்களை முறையே, கழிக்கும் மட்டும் கழிப்பார்கள். சந்திரன் பூமிக்கு மிக அண்மையில் வந்து மீண்டும் அவ்வாறே வருவதற்கு ஏறத்தாழ இருபத்தேழரை நாள் ஆகும். 248 நாளில் அத்தகைய சுற்றுகள் ஒன்பது, 3031 நாளில் நூற்றுப்பத்து. எஞ்சிய எண்ணுக்குரிய வாக்கியத்தை, அதாவது சந்திரனின் நிலையை எழுத்துகளில் பொதிந்த சொற்றொடரை, மனப்பாடத்திலிருந்து சொன்னால், ஜ்யாவினால் வரும் திருத்தமெல்லாம் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். 1825-ல் வெளிவந்த காலசங்கலிதம் என்னும் நூலில் ஜான் வாரன், புதுச்சேரியில் தமிழ்க் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, காகிதத்தின் துணையின்றிச் சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டியதை வியப்போடு பதிவு செய்திருக்கிறார்.

ராமானுஜன் மாணவப் பருவத்தில் லோனியின் திரிகோண கணித நூலைக் கற்று, சைன், கொசைன் பற்றிய தேற்றங்களைத் தாமே கண்டறிந்தார். அவை ஆய்லர் முன்பே கண்டவை என்று தெரிந்ததும், எழுதிய தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்தார். அந்தச் சிறுவனின் ஏமாற்றம் இன்றும் நெஞ்சைத் தொடுகிறது. ரேடியன் கணக்கில் முழுச் சுற்றின் அளவு இரண்டு பை. 1914-ல் அவர் வெளியிட்ட பை எண்ணுக்கான தொடர்களுள் ஒன்று, முதல் உறுப்பைக் கொண்டே ஆறு தசம இடம் வரை சரியான மதிப்பைத் தருகிறது. அதன்பின் ஒவ்வோர் உறுப்பும் ஏறத்தாழ எட்டு இலக்கங்களைச் சேர்க்கிறது.

மிதவைப் புள்ளி எண்களைக் கையாளும் இன்றைய கணினிக்கும் அதே கழித்தல்தான் முதல் வேலை. ஒன்றுக்குப் பின் இருபத்திரண்டு சுழியங்கள் இட்ட ரேடியனுக்குச் சைன் கேட்டால், பையைப் பதினாறு இலக்கம் மட்டும் அறிந்த பொறி, கழிக்க வேண்டிய சுற்றுகளின் கணக்கிலேயே தடுமாறி, பொருளற்ற விடையை நீட்டும். நாற்பது இலக்கமளவு அறிந்திருந்தால்தான் மிச்சம் நம்பத்தக்கதாகும். இதற்கு நாற்பதே போதும் என்பது உண்மை. ஆனால் ஆயிரம் இலக்கத் துல்லியம் வேண்டுவோருக்குப் பையும் அதற்கு மேற்பட்ட இலக்கங்களில் வேண்டுமே! 1985-ல் வில்லியம் காஸ்பர் ராமானுஜனின் அந்தத் தொடரைக் கணினியிலிட்டு, பையை ஒரு கோடியே எழுபத்தைந்து லட்சம் இலக்கங்களுக்கு மேல் கணித்தார். அப்போது அந்தத் தொடருக்கு முழுமையான நிரூபணம் வெளிவந்திருக்கவில்லை. கணிதர்களான போர்வெயின் சகோதரர்கள் அதை 1987-ல்தான் வெளியிட்டார்கள்.