கோப்பும் கோப்பைக் காட்டும் சாளரமும்

ஓசூருக்கு வடகிழக்கே, கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்த ஊர் பேரிகை. விடியுமுன்பே தொழிற்சாலைப் பேருந்துகள் ஆள் ஏற்றிக்கொண்டு சிப்காட்டை நோக்கிப் புறப்பட்டுவிடும். கடைத்தெருவில் ஒரே உரையாடலுக்குள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் மாறிமாறி வந்து போகும். இவ்வூரிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் நம் தமிழ்த்துறைக்கு ஆண்டுதோறும் மாணவர்கள் வருகின்றனர். விடுமுறை நாள்களில் தம் பாட்டிமாரிடமும் அண்டை வீட்டு முதியவர்களிடமும் அவர்கள் கேட்டுப் பதிவு செய்த தாலாட்டுகள், ஒப்பாரிகள், நடவுப் பாடல்கள், வயலோரத்து நடுகற்களின் ஒளிப்படங்கள் ஆகியன பத்தாண்டுகளுக்கும் மேலாகத் துறையின் ஒரே கணினியில் சேர்ந்துவந்தன. பாடியவர்களுள் சிலர் இன்று உயிரோடு இல்லை. அவர்தம் குரலுக்கு அந்த வன்தட்டைத் தவிர வேறு இருப்பிடமும் இல்லை.

சென்ற ஆண்டு ஓர் இரவில் அக்கணினி தானே ஓர் இற்றைப்படுத்தலை நிறுவிக்கொண்டது. மறுநாட்காலை கோப்பு உலாவியைத் திறந்தால், திறந்த நொடியிலேயே அது மூடிக்கொண்டது. மீண்டும் திறந்தோம், மீண்டும் மூடிக்கொண்டது. பழுதுபார்க்க வந்தவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "சார், ஃபார்மட் பண்ணிடலாம், புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். எந்த நிறுவனத்தின் இற்றைப்படுத்தல் அது என்பது இங்கு முதன்மையன்று. அந்த ஒரு சொல்லைக் கேட்டு நாம் ஏன் நடுங்கினோம், நடுங்கியிருக்க வேண்டாமோ என்பதை ஆராயவே இக்கட்டுரை. அதற்குக் கோப்பு உலாவி என்னும் பொருளின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோப்பு என்னும் சொல்லிலிருந்தே தொடங்கலாம். கோத்தல் என்னும் வினையினின்று பிறந்த பெயர் அது, கோக்கப்பட்டது கோப்பு. ஆங்கிலத்தில் ஃபைல் என்று வழங்கும் சொல்லும் நூலிழையைக் குறிக்கும் ஃபைலும் என்னும் இலத்தீன் சொல்லினின்று வந்ததே. தாள்களை இழையில் கோத்துத் தொங்கவிட்ட வழக்கமே அப்பெயருக்கு மூலம். நம் மொழியிலோ நூல் என்பது இழையையும் குறிக்கும், புத்தகத்தையும் குறிக்கும். ஓலைகளில் துளையிட்டு, கயிற்றில் கோத்து, இரு புறமும் சட்டம் வைத்துக் கட்டிய சுவடியைக் கண்டவர்களுக்கு இவ்வொற்றுமை வியப்பளிக்காது. கயிறு அறுந்தால் ஏடுகள் முன்பின்னாகும். ஆனால் ஏட்டிலுள்ள எழுத்து அழியாது. 1887 இல் சீவக சிந்தாமணியையும் 1894 இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோர் பட்ட பாட்டில் ஒரு பங்கு, இவ்வாறு நிலைமாறிய ஏடுகளுக்கு மீண்டும் ஒழுங்கைக் காணும் பாடேயாகும்.

ஏடு வேறு, ஏட்டைத் தேடித்தரும் அட்டவணை வேறு. காலின் மெக்கன்சி திரட்டிய தொகுப்புகளையும் அடிப்படையாகக் கொண்டு 1869 இல் சென்னையில் உருவான அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், இந்த வேறுபாட்டை உணர்ந்தே விளக்கவுரையுடன் கூடிய அட்டவணைகளைத் தொகுத்து அச்சிட்டது. அட்டவணையில் எண் பிழைபட்டால் ஏடு கிடைக்காமற் போகலாம்; ஆயினும் அது அலமாரியில் இருக்கவே செய்யும். 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகத்துக்கு நேர்ந்ததோ வேறு. அங்கே எரிந்தது அட்டவணை மட்டுமன்று. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. காணாமற்போதல், அழிதல் என்னும் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்குவதே நம் அச்சத்தின் வேர்.

கணினியிலும் இதே இருமை தொடக்கம் முதல் உண்டு. 1965 இல் மல்டிக்ஸ் என்னும் அமைப்புக்காக டேலி, நியூமன் ஆகிய இருவரும் எழுதிய கட்டுரை, மரம்போற் கிளைக்கும் அடைவுகளுக்குள் கோப்புகளை வைக்கும் முறையை விளக்கியது. 1969 இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் அம்முறையைப் பரவலாக்கியது. அக்காலத்தில் கோப்புகளைக் கண்ணால் 'பார்க்கும்' வழி இல்லை. கட்டளையைத் தட்டச்சிட்டால் பெயர்ப்பட்டியல் வரும், அவ்வளவே.

1981 இல் ஜெராக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டார் கணினி, அலுவலக மேசையையே திரையில் வரைந்து காட்டியது. தாள், உறை, அலமாரி என எல்லாம் சிறு படங்களாயின. 16,000 டாலருக்கு மேல் விலை வைக்கப்பட்டமையால் அது பரவவில்லை. 1984 ஜனவரியில் வந்த ஆப்பிளின் மெக்கின்டாஷ், ஃபைண்டர் என்னும் உலாவியின் வழியே அக்கருத்தைப் பொதுமக்களிடம் சேர்த்தது. 1986 இல் ஜான் சோச்சாவின் நார்ட்டன் கமாண்டர், டாஸ் கணினிகளின் நீலத்திரையில் இரு பட்டியல்களை அருகருகே காட்டியது. 1990 இல் விண்டோஸ் 3.0 உடன் ஃபைல் மேனேஜர் வந்தது. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது அதன் இடத்தை எக்ஸ்புளோரர் பிடித்தது.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தை அன்பர்கள் கருதுதல் வேண்டும். எக்ஸ்புளோரர் கோப்புகளை மட்டும் காட்டுவதன்று. திரையின் அடியிலுள்ள பட்டை, மேசைப்பரப்பு ஆகியவற்றை வரைவதும் அதே நிரலே. ஆகவே அது நிலைகுலைந்தால் திரை முழுதும் வெறுமையாகி, கணினியே இறந்துவிட்டது போன்ற தோற்றம் உண்டாகிறது. மேலும், பிறர் எழுதிய துணைநிரல்கள் பல அதனுள் புகுந்து இயங்குகின்றன. வலப்பொத்தானை அழுத்தினால் விரியும் பட்டியலில் இடம்பெறுவனவும், கோப்பின் முன்தோற்றத்தைக் காட்டுவனவும் இவ்வகையின. ஒரு துணைநிரல் இடறினால் உலாவி முழுவதும் விழும். கூட்டுக்குடும்பத்தின் நன்மையும் தீமையும் அங்கே ஒருசேர உண்டு.

பிழைபட்ட இற்றைப்படுத்தல்கள் பெரிய நிறுவனங்களுக்கும் நேர்ந்துள்ளன. 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10 இன் 1809 ஆம் பதிப்பு, நான்கே நாள்களில், அக்டோபர் 6 அன்று நிறுத்திவைக்கப்பட்டது. ஆவணக் கோப்புறைகளை வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருந்த சிலருடைய பழைய கோப்புறைகளை, உள்ளிருந்தவற்றோடு அது அழித்துவிட்டதே காரணம். இரட்டித்து நிற்கும் வெற்றுக் கோப்புறைகளை நீக்க எழுதப்பட்ட நிரல், வெறுமையாக உள்ளனவா என்று பாராமல் நீக்கிவிட்டது. அதே பதிப்பின் உலாவியில் வேறொரு குறையும் காணப்பட்டது. சுருக்கிய தொகுப்பிலிருந்து கோப்பை எடுத்து வைக்கும்போது, அதே பெயரில் வேறொன்று இருந்தால் 'மாற்றலாமா' என்று கேட்க வேண்டிய கேள்வியை அது கேட்கவில்லை. திருத்திய பதிப்பு நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு வந்த 1909 ஆம் பதிப்பில் உலாவியின் தேடல் பெட்டி சிலருக்கு உறைந்து நின்றது.

கட்டற்ற மென்பொருள் உலகின் கதை சற்று வேறானது. முதல் மெக்கின்டாஷை உருவாக்கியோருள் ஒருவரான ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டும் நண்பர்களும் ஈஸல் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, லினக்ஸுக்காக நாட்டிலஸ் என்னும் உலாவியை எழுதினர். அதன் முதற்பதிப்பு 2001 மார்ச்சில் வந்தது. அவ்வாண்டு மே மாதமே நிறுவனம் மூடப்பட்டது. ஆனால் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருந்தமையால் நாட்டிலஸ் சாகவில்லை. ஆக்கியோன் போனபின்னும் படியெடுப்போர் கையில் வாழும் நூலைப் போல அது கினோம் திட்டத்தில் வாழ்ந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. அதனால் நம் மாணவர் பலர் இருவகை உலாவிகளையும் கண்டறியும் வாய்ப்பைப் பெற்றனர்.

இனித் தமிழுக்கே உரிய இடர் ஒன்றைச் சொல்ல வேண்டும். இருபதாண்டுகளுக்கு முன்வரை நாம் தமிழில் தட்டச்சிட்டவை பெரும்பாலும் ஏதேனும் ஓர் எழுத்துருவின் குறியாக்கத்தில் அமைந்தவை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்னும் முறைகளை ஏற்றது. இணையத்தில் தகுதரம் எனப்படும் திஸ்கி வழங்கியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் நூல்களை முதலில் திஸ்கியிலும் பின்னர் ஒருங்குறியிலும் வெளியிட்டது. அக்காலக் கோப்பினுள் உரிய எழுத்துருவைத் தேர்ந்தால் தமிழ் தெரியும். ஆனால் கோப்பின் பெயருக்கு எழுத்துருவைத் தேர்வது யார்? உலாவி தன் எழுத்துருவிலேயே எல்லாப் பெயர்களையும் காட்டும். நம் 'தாலாட்டு' அங்கே மேற்புள்ளியிட்ட இலத்தீன் எழுத்துகளின் குவியலாகத் தோன்றும். தமிழ்க்கோப்புகளுக்கு ஆங்கிலத்திலேயே பெயரிடும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒருங்குறி இவ்விடரைப் பெருமளவு தீர்த்தது. 2010 இல் தமிழக அரசும் ஒருங்குறியையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது. எனினும் ஒரு நுண்ணிய சிக்கல் எஞ்சியது. 'கொ' என்பதைக் ககரத்தோடு ஒற்றைக் குறியீடாகவும் இடலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு குறியீட்டுத் தொடர்கள். மெக்கின்டாஷின் பழைய கோப்பு அமைப்பு பிரித்தே சேமித்தது. விண்டோஸ் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும். ஆகவே ஒரே அடைவில் 'கொல்லன் பாட்டு' என்று இரு கோப்புகள் அருகருகே நிற்றலும், தேடினால் ஒன்று மட்டும் கிடைத்தலும் நேரக்கூடியனவே. பாடவேறுபாடு என்று நாம் வகுப்பில் நடத்துவது இங்கே கண்ணுக்குப் புலனாகாத வடிவில் நிற்கிறது.

மீண்டும் நம் துறைக்கு வருவோம். 'ஃபார்மட்' என்னும் சொல்லைக் கேட்டவுடன், பேரிகைப் பக்கத்திலிருந்து வரும் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் முன்வந்து, "ஐயா, காட்டுற ஜன்னல்தானே உடைஞ்சிருக்கு, உள்ள இருக்கறதைப் பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார். அவர் தந்தை ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் இரவுப்பணி பார்ப்பவர். ஓடும் இயந்திரம் நின்றால் முதலில் எதைத் தொடக்கூடாது என்பதை அவர் வீட்டிலேயே கேட்டு வளர்ந்திருக்க வேண்டும்.

உலாவியைத் திறவாமலே, விசைப்பலகையின் வழியாகக் கட்டளைச் சாளரத்தைத் திறந்தார். பட்டியலைக் கேட்டார். பட்டியல் வந்தது, ஆனால் ஆங்கிலப் பெயர்களைத் தவிர மற்றவை யாவும் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் நின்றன. அக்கணம் நாம் எல்லாம் போயிற்று என்றே எண்ணினோம். பிறகுதான் விளங்கிற்று: அச்சாளரத்தின் எழுத்துருவில் தமிழ் இல்லை, பெயர்கள் அழியவில்லை, அவற்றை வரைய அதற்குத் தெரியவில்லை. கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் சரியாகவே இருந்தன.

முதலில் செய்தது பழுதுநீக்கம் அன்று, படியெடுத்தல். மேலடைவின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தமையால், உள்ளேயுள்ள தமிழ்ப்பெயர்களைத் தட்டச்சிட வேண்டிய தேவையின்றி அடைவு முழுவதையும் ஒரே கட்டளையால் புறவன்தட்டுக்குப் படியெடுக்க முடிந்தது. அப்படியை வேறொரு கணினியில் இணைத்து, ஒரு தாலாட்டை ஒலிக்கச் செய்து கேட்டோம். பாடிய மூதாட்டி இறந்து நான்காண்டுகள் ஆகின்றன. அறையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

அதன்பின் பழுதைப் பார்த்தோம். கடைசியாக வந்த இற்றைப்படுத்தலை நீக்கிக் கணினியை மறுபடி தொடக்கினோம். உலாவி திறந்தது, ஆயினும் ஒலிப்பதிவுகள் உள்ள கோப்புறைக்குள் புகுந்தால் மட்டும் மூடிக்கொண்டது. ஒரு கோப்புறையில் மட்டும் விழுகிறதென்றால் அங்குள்ள கோப்புவகைக்கு முன்தோற்றம் காட்டும் துணைநிரலே காரணமாகலாம் என ஊகித்தோம். பல்லாண்டுகளுக்கு முன் நிறுவிய ஒலிக்கருவி ஒன்றின் துணைநிரல் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கருவியை நீக்கியதும் குறை தீர்ந்தது. பின்னர் அதே இற்றைப்படுத்தலை மீண்டும் நிறுவியும் பார்த்தோம். இம்முறை உலாவி விழவில்லை. குற்றம் புதியதன் பக்கம் மட்டுமன்று, நாம் மறந்துபோன பழையதன் பக்கமும் இருந்தது. இற்றைப்படுத்தலே வேண்டா என்று நிறுத்திவைப்பதும் தீர்வன்று. பாதுகாப்புக் குறைகளை அடைப்பவையும் அவையே.

அன்று முதல் துறையில் மூன்று வழக்கங்களை மேற்கொண்டுள்ளோம். பதிவுகளுக்கு மூன்று படிகள். அவற்றுள் ஒன்று வேறு கட்டடத்தில். தமிழ்ப்பெயர் இடுவதில் தயக்கமில்லை, ஆயின் எல்லோரும் ஒரே வகை விசைப்பலகை நிரலால் இடுதல். மூன்றாவது, பாடியவர் பெயர், ஊர், நாள், பதிந்தவர் பெயர் ஆகியன கொண்ட ஓர் அட்டவணையைத் தாளில் அச்சிட்டுக் கட்டி வைத்தல். எந்தச் சாளரம் உடைந்தாலும் அந்தத் தாள் திறக்கும்.

அட்டவணையைக் கட்டிய நாளில் அம்மாணவர் அதன் மூலையில் துளையிட்டு ஒரு நூலைக் கோத்தார். கோப்பு என்னும் சொல்லின் பொருளை அவருக்கு நாம் சொல்லியிருக்கவில்லை.