நோக்கியாவின் விண்டோஸ் போன் முடிவு (2011)

ஐபோனும் ஆண்ட்ராய்டும் சந்தையைப் பறித்துக்கொண்டிருந்த நேரத்தில், பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் 2011 பிப்ரவரி 11 அன்று அறிவித்த இயங்குதள மாற்றம். தன் பழைய தளமான சிம்பியனைப் படிப்படியாகக் கைவிட்டு, அடுத்த தளமாக உருவாகிவந்த மீகோவை ஓரங்கட்டி, மைக்ரோசாப்டின் விண்டோஸ் போனை முதன்மைத் தளமாக நோக்கியா ஏற்றது. தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீபன் ஈலாப் 2010இல்தான் மைக்ரோசாப்டிலிருந்து வந்திருந்தார். மாற்று தயாராகும் முன்பே பழையதற்கு நாள் குறித்ததுதான் பெரும் பிழை: நோக்கியாவின் முதல் விண்டோஸ் போனான லூமியா கடைக்கு வரவே நவம்பர் ஆகிவிட்டது, அதுவரை சிம்பியன் போனை யார் வாங்குவார்? வந்த லூமியாவிலும் செயலிகள் குறைவு.

தமிழ்நாட்டில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை பெரும்பாலும் மலிவுவிலை பட்டன் போன்களையே தயாரித்தது. 2014 ஏப்ரலில் கைபேசிப் பிரிவு மைக்ரோசாப்டுக்குக் கைமாறியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த ஆலை விற்பனையில் சேரவில்லை. மைக்ரோசாப்ட் அதனிடம் போன் வாங்குவதை நிறுத்தியதால் நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. 2019இல் சார்ஜர் தயாரிப்பு நிறுவனமான சால்காம்ப் அதை வாங்கியது.