'ரெண்டு போட்டாதான் அடங்கும்!' - உண்மையிலேயே அடங்குதா?

"நாங்கல்லாம் வாங்காத அடியா? இப்போ நல்லாத்தானே இருக்கோம்!" - குழந்தைகளை அடிக்கலாமா என்ற பேச்சு வந்தாலே, இப்படி ஒரு குரல் கேட்கும். ஒருவேளை அது உங்கள் குரலாகவும் இருக்கலாம்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சின்ன வயசுல வாங்கின அடி ஞாபகம் இருக்கும். சொந்தக்காரங்க முன்னாடி அழுத அவமானமும் ஞாபகம் இருக்கும். ஆனா, எதுக்காக அடிச்சாங்க? பல நேரம் அது மறந்தே போயிருக்கும். அடுத்த தடவை மாட்டிக்காம இருப்பது எப்படின்னு மட்டும் கத்துக்கிட்டிருப்போம். ரேங்க் கார்டை ஒளிச்சு வெச்சது அப்படித்தானே?

ஆபீஸ்ல ஜூனியர் தப்பு செய்தா கன்னத்துல அறைவீங்களா? மாட்டீங்க. திருப்பி அடிக்க முடியாத குழந்தையிடம் மட்டும் ஏன் கை நீளுது?

சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தைகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஐ.நா. 1989-ல் ஏற்றுக்கொண்டது. பெற்றோரின் பராமரிப்பில் இருந்தாலும், உடல், மன வன்முறையிலிருந்து குழந்தைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறது அதன் 19-வது பிரிவு. இந்தியா 1992-ல் இதில் இணைந்தது.

பள்ளியில் அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டம் 2009 தடை செய்கிறது. பொறுப்பில் இருப்பவரே குழந்தையைத் தாக்கிக் கொடுமைப்படுத்தினால், இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 75-வது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ஆனால், வீட்டில் விழும் 'சாதாரண' அடிக்கு இங்கே தனித் தடைச் சட்டம் இல்லை. ஸ்வீடன் 1979-லேயே அதைத் தடை செய்து, பால் பாக்கெட்டுகளில் அச்சிட்டு வீடு வீடாகத் தகவலைச் சேர்த்தது. பக்கத்து நாடான நேபாளம் 2018-ல் தடை செய்தது. நம்ம வீட்டுக்கு இப்போதைக்கு நாமதான் சட்டம்!

கோபம் தலைக்கேறும்போது...

* குழந்தை பாதுகாப்பா இருக்கான்னு பார்த்துட்டு, ரெண்டு நிமிஷம் தள்ளிப் போங்க. தண்ணி குடிங்க. அடி பெரும்பாலும் அந்த ரெண்டு நிமிஷத்துலதான் விழுது.

* தப்பை மட்டும் சொல்லுங்க. 'சனியன்', 'மக்கு' எல்லாம் வேண்டாம். சொல்லும் ஒரு அடிதான்.

* பாலைக் கொட்டினா துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொல்லுங்க. பொறுப்பு அங்கேதான் பழகும்.

* போனை வெடுக்குன்னு பிடுங்காதீங்க. 'இன்னும் 5 நிமிஷம்'னு முன்னாடியே சொல்லிட்டு, சொன்னபடி வாங்கிடுங்க. அடிக்காம வளர்ப்பதுன்னா கேட்டதெல்லாம் கொடுப்பது இல்லை.

* திட்டு வாங்கி அழுவதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீங்க. உங்களுக்கு காமெடி, அவங்களுக்கு மானம்.

* மீறி அடிச்சுட்டீங்களா? 'அடிச்சது என் தப்பு, சாரிடா'ன்னு சொல்லுங்க. மரியாதை குறையாது. தப்பு செஞ்சா ஒத்துக்கணும்னு குழந்தை அங்கேதான் கத்துக்கும்.

பக்கத்து வீட்டில் நடந்தால்?

'அவங்க குடும்ப விஷயம்' என ஒதுங்க வேண்டாம். குழந்தைகளுக்கான இலவச உதவி எண் 1098, 24 மணி நேரமும் இயங்குகிறது. குழந்தையே கூப்பிடலாம், நீங்களும் கூப்பிடலாம். இப்போதே போனில் சேமிச்சு வைங்க. உங்க வீட்டுக் குழந்தைக்கும் அந்த நம்பரைச் சொல்லிக் கொடுங்க.